ரத்த வியாபாரி

"இன்னைக்கும் நீ ஊசியைத் தூக்குனா, நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

ராமநாதபுரத்தில் ஹமீதின் லேபுக்குள் நுழையும்போதே ராமலட்சுமி கத்தினாள். பின்னால் அவள் புருஷன் கூத்தையா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆர்.எஸ்.மங்கலத்தில் வயல் வேலை செய்கிற ஆள். மூன்று மாதமாக ஓயாத அசதி, காய்ச்சல்.

டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். ஹமீது எடுத்தான். "மிஷின் சரியில்லண்ணே" என்று மறுவாரம் மறுபடி எடுத்தான். அதற்கடுத்த வாரமும். ரிசல்ட் மட்டும் வந்தபாடில்லை.

"துட்டும் வாங்க மாட்டேங்கிற. சும்மா எவனாச்சும் ரத்தம் எடுப்பானா? ஐஸ் டப்பாவுல வச்சு பஸ் கண்டக்டர்ட்ட குடுத்து விட்டியாம்ல. எங்க ஊர்க்காரன் பாத்திருக்கான். எங்கன விக்கிற, சொல்லு!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஹமீதை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கூட்டத்தில் யாரோ "போலீஸ்ல சொல்லுங்கம்மா" என்றார்கள்.

"சும்மா இரு புள்ள" என்றார் கூத்தையா. "தம்பி, உள்ளதைச் சொல்லுங்க. மதுரைக்கு எழுதப் போறீகளா? எழுதுனா நான் இப்பவே வீட்டுக்குப் போறேன்."

அவர்கள் ஊரில் 'மதுரைக்கு எழுதிட்டாக', அதாவது பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் ஆள் முடிந்தான் என்று அர்த்தம். அவர் அண்ணன் அப்படிப் போய், பிணமாக வேனில்தான் திரும்பி வந்தார்.

ஹமீது ஒரு கவரைப் பிரித்தான்.

"ரத்தத்துல வெள்ளை அணு தாறுமாறாக் கூடிக் கிடக்குண்ணே. மொத நாளே பாத்துட்டேன். ரத்தப் புற்றுநோய்."

"ஆத்தா!" ராமலட்சுமி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"முழுசாக் கேளுங்கக்கா. இதுல மாத்திரையிலயே அடங்குற வகை ஒண்ணு இருக்கு. அதுக்கு ரத்தத்துல ஒரு அடையாளம் உண்டு. அதைத்தான் இத்தனை நாளாத் தேடுனோம். கிடைச்சிருச்சு! ஒழுங்கா மாத்திரை போட்டா அண்ணன் பழையபடி வயலுக்குப் போகலாம்."

"அந்த மாத்திரை இங்கன கிடைக்குமா?" என்றாள் ராமலட்சுமி.

"மதுரையிலதான். ஒரு தடவை நேர்ல போகணும்."

கூத்தையாவின் முகம் செத்துப்போனது. "அங்கன எங்களுக்கு யாரைத் தெரியும் தம்பி?"

"உங்க ரத்தத்தைச் சோதிச்ச மதுரை லேப்ல உங்களைத் தெரியாத ஆளே கிடையாது" என்று சிரித்தான் ஹமீது. "மதுரைன்னு சொன்னா நீங்க இந்தப் பக்கமே வர மாட்டீங்கன்னு டாக்டர் சொன்னாரு. அதான் உங்களை விட்டுட்டு, மொத நாள்லருந்து மூணு தடவையும் உங்க ரத்தத்தை மட்டும் பஸ் ஏத்துனேன். ஒவ்வொரு சோதனைக்கும் புது ரத்தம் கேட்டாங்க. கோவிச்சுக்காதீங்க."

ராமலட்சுமி எழுந்து, அவன் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நல்லா இருக்கணும்யா. உன் புள்ளகுட்டி நல்லா இருக்கணும்."

கூத்தையா விரல்விட்டு எண்ணினார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏ புள்ள, அப்ப நான் மூணு தடவ மதுரைக்குப் போயி, உசுரோட திரும்பி வந்திருக்கேன்!"