டீசல் ஏறாத டிராக்டர்

சங்கிலி விறைத்தது. மண்ணுக்குள் புதைந்து கிடந்த கூரை உத்தரம் லேசாக அசைந்த நேரம் பார்த்து, டிராக்டர் இருமிவிட்டு அணைந்துபோனது.

றிஸ்வி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் துருப்பிடித்துக் கிடந்த பழைய வண்டியை வாங்கி, தன் கடையை மூடும் நாளெல்லாம் அதோடு மல்லுக்கட்டி உயிர் கொடுத்தவன் அவன். கண்டியில் பழைய வாகனங்கள் ஊர்வலம் போனபோது மாலை போட்டு ஓட்டினான். இன்றைக்கு ஹேவாஹெட்ட மலைச்சரிவில் அது அவன் மானத்தை வாங்கியது.

மழையில் மலை இறங்கி, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தையே மூடியிருந்தது. கீழே பாதை உடைந்து கிடந்ததால் மண் அள்ளும் மெஷின் ஏறி வர வழியில்லை. மற்ற வீட்டுக்காரர்களையெல்லாம் இந்த வண்டியைக் கொண்டுதான் எடுத்தார்கள். ஒருவர்கூட உயிரோடு இல்லை. கடைசி வீட்டுக்கு வந்ததும் எஞ்சின் தகராறு பண்ணத் தொடங்கியது. அங்கே மண்ணுக்கடியில் றெஜினோல்ட் கிடந்தான்.

அவன் மனைவி அனற் அன்று புசல்லாவையில் தாய் வீட்டில் இருந்ததால் தப்பியவள். காலையிலிருந்து டிராக்டரை விட்டு அவள் நகரவில்லை. டாங்கியோடு ஒட்டிக்கொண்டு, கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் நின்றாள்.

“அவளுக்குப் பொறுக்க முடியல நானா. எப்ப எடுப்பீங்கன்னு தவிச்சுக்கிட்டு நிக்குறா,” என்று றிஸ்வியிடம் அண்ணன் முறை வைத்துச் சொன்னார் றெஜினோல்டின் தமையன் மத்தியாஸ். சவப்பெட்டி வந்து மாதா கோயிலில் காத்திருப்பதையும் சொன்னார்.

றிஸ்வி இறங்கினான். எஞ்சினுக்கு டீசல் போய்ச் சேரவில்லை என்பது மட்டும் தெரிந்தது. டீசலை வடிகட்டும் வடியைக் கழற்றிக் கழுவினான். அதில் துரு இல்லை. குழாயைக் கழற்றிப் பார்த்தான். டீசல் தாராளமாக ஊற்றியது. டாங்கி மூடியின் காற்றுத் துளையைக் கம்பியால் குத்தினான். திரும்பப் பூட்டி, குழாயிலிருந்த காற்றையெல்லாம் வெளியேற்றி ஸ்டார்ட் பண்ணினான்.

எஞ்சின் நன்றாகத்தான் பிடித்தது. சங்கிலி இழுபட்டது. உத்தரம் மேலெழும்பியது. மறுபடியும் இருமல், மறுபடியும் அமைதி.

நிற்கும்போது ஓடுகிற டீசல், வேலை செய்யும்போது மட்டும் எங்கே போகிறது? அவனுக்கு விளங்கவில்லை. இந்த முறை மூடியையே கழற்றி வைத்துவிட்டு இழுத்தான். அப்படியும் நின்றது.

அனற் ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். வாய்க்குக் கொண்டுபோனபோது கிளாஸில் டீசல் மணத்தது. தன் கையைத்தான் நொந்துகொண்டான். இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. “இன்னம் கொஞ்சம் பொறுங்க தங்கச்சி,” என்றான். அவள் தலையாட்டினாள்.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. ஓடும்போதே குழாயைப் பார்த்துவிட வேண்டும். மத்தியாஸை ஓட்டச் சொல்லிவிட்டு, யாருக்கும் எதுவும் சொல்லாமல் மறுபக்கத்தால் போய், டாங்கியின் அடி தெரியும்படி சேற்றில் மல்லாந்து படுத்தான்.

எஞ்சின் முழங்கியது. சங்கிலி விறைத்தது. உத்தரம் கிளம்பியதும் டாங்கிக்கு அடியில் ஒரு கை வந்தது. மெலிந்த விரல்கள் டீசல் வால்வைப் பிடித்து மெதுவாகத் திருகி மூடின. எஞ்சின் இருமி அணையும்வரை அசையாமல் இருந்துவிட்டு, அதே விரல்கள் வால்வைத் திரும்பத் திறந்து வைத்தன.

றிஸ்வி எழுந்து வந்தான். கோபப்பட வேண்டும்போல இருந்தது, முடியவில்லை. அனற் ஓடவுமில்லை, மறுக்கவுமில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

மத்தியாஸின் காதில் விழாமல், “ஏன் தங்கச்சி?” என்று கேட்டான்.

அவள் மண்மேட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“வெளிய எடுத்தா அவரு செத்துப் போயிருவாரு நானா.”