எருமைக் கொம்புப் பிடி

“பொண்ணு பாக்கப் போற இடத்துக்கு எவனாவது கத்தியோட போவானா மனே?”

இஸ்திரி போட எடுத்த காற்சட்டைப் பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை உருவி எடுத்தார் சீதேவிப்பிள்ளை.

மகன் டிலக்சன் கையை நீட்டினான். அம்மா தரவில்லை. நிலத்தில் வைத்து, “எடு” என்றார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமாம். ஊரே அப்படித்தான் சொல்லும்.

“நிலத்தில வெச்சும் நமக்குள்ள ஒவ்வொரு நாளும் சண்டைதானேம்மா?”

“வாயப் பாரு வாய!”

டிலக்சனுக்குக் களுவாஞ்சிகுடியில் ஃபோன் திருத்துகிற கடை. சோறு போடுவது ஃபோன்தான், ஆனால் உயிரெல்லாம் கத்தியில். பார்சல் பார்சலாய் மடக்குக் கத்தி வாங்குவான். அதோடு வந்த பிளாஸ்டிக் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, முதிரை, கருங்காலி, எருமைக் கொம்பு என்று தானே பிடி செய்து பூட்டுவான். ஏதாவது வெட்டுவானா? மூச்! “இது பாவிக்கிறதுக்கு இல்லம்மா” என்பான். அலுமாரி நிறையக் கத்தி இருக்கிற வீட்டில், வெங்காயம் அரிவது ஒரு மொட்டைக் கத்தியால்.

ஆனால் பையில் ஒன்று இல்லாமல் வெளியே இறங்கினால், இடுப்புச் சாரம் அவிழ்ந்த மாதிரி இருக்கும் அவனுக்கு. அம்மா செருப்பு மாட்டக் குனிந்த நேரம், கத்தி திரும்பவும் பைக்குள் போய்விட்டது.

வாவியைக் கடக்கிற படகுப்பாதையில் ஏறி நின்றதும் அம்மா கேட்டார்: “கத்திய வெச்சிட்டுத்தானே வந்த?”

“ஓமம்மா.”

எங்கே வைத்தாய் என்று அவர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மண்டூர் விதுர்ஷாவின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு வேறு பெண்ணே கண்ணில் படவில்லை. கட்டினால் இவளைத்தான். பயமெல்லாம் அவளுடைய அப்பா நல்லரத்தினத்தை நினைத்துத்தான். அவர் வட்டை விதானை, வயல்வெளிக்குப் பொறுப்பானவர். வயல்காரர்களின் வரம்புச் சண்டை, தண்ணிச் சண்டை எல்லாம் அவர் முன்னால்தான் தீரும். மண்வெட்டியால் மண்டை பிளந்த கதையெல்லாம் கண்ணால் பார்த்த மனுசன். போனமுறை வந்த மாப்பிள்ளையை, ‘முன்கோபி’ என்று தேத்தண்ணி கூடக் கொடுக்காமல் அனுப்பியவராம்.

பெண் வீட்டில், கொண்டுபோன கேக் பெட்டியின் நைலோன் கயிறு அவிழ மாட்டேன் என்றது. பெண்ணின் அம்மா நகத்தால் பார்த்தார், பல்லால் பார்த்தார். டிலக்சனின் கை அவனைக் கேட்காமலே பைக்குள் போனது.

‘டக்!’

ஒற்றைக் கையால் கத்தி திறந்தது. கயிறு அறுந்தது. சீதேவிப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அது என்ன தம்பி?” நல்லரத்தினம் மீசையைத் தடவினார்.

“மடக்குக் கத்தி ஐயா.”

“காட்டுங்க பாப்பம்.”

மடக்கி நீட்டினான். அவர் கை நீட்டவில்லை.

“அந்த மேசையில வையுங்க.”

தொடவே அருவருக்கிறாரோ! முகம் கறுத்துப்போய் வைத்தான். அவர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதால ஆர வெட்டியிருக்கீங்க?”

“ஒருத்தரையும் இல்ல ஐயா! இண்டைக்குத்தான் முதல்முதலா... கயிறு.”

“இன்னும் இருக்கா?”

“கொஞ்சம்...”

“கொஞ்சமாம்! அலுமாரியில எனக்குச் சீலை வெக்க இடமில்ல!” ஆத்திரத்தில் அம்மா உண்மையைக் கொட்டிவிட்டார்.

“கோவம் வந்தா இத எடுப்பீங்களா?”

“ஐயோ, கோவத்தில தொடவே மாட்டன் ஐயா. பிடியில கீறல் விழுந்திரும்!”

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. எருமைக் கொம்பை அவித்தது, அரத்தால் ராவினது, சாம்பலும் தேங்காயெண்ணெயும் பூசிக் கிடையாய்க் கிடந்து மினுக்கினது என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனான். தட்டோடு விதுர்ஷா வந்து முன்னால் நின்றதுகூடத் தெரியவில்லை. அம்மா காலை மிதித்தார். தெரியவில்லை.

“தேத்தண்ணி ஆறுது,” என்றாள் விதுர்ஷா. “எருமைக்கும் ஒரு கப் ஊத்தட்டா?”

நிமிர்ந்தவன் அசடு வழிந்தான். படத்தை விட நேரில் இன்னும் அழகு.

நல்லரத்தினம் சிரிக்கவில்லை. கத்தியோடு எழும்பி, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். அங்கே ஏதோ குசுகுசுப்பு. பிறகு ‘டக்’. மறுகா இன்னொரு ‘டக்’.

“கத்தியோட திரியிறவனுக்கு ஆரு மனே பொண்ணு குடுப்பான்?” அம்மா சீலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். “எழும்பு, மரியாதையாப் போயிடுவம்.”

எல்லாக் கத்தியையும் வாவியில் கொட்டிவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தான். ஒரு கணம்தான்.

நல்லரத்தினம் வெளியே வந்தார். முகத்தில் ஒரு அசைவில்லை. டிலக்சன் எழுந்து கையை நீட்டினான். அவர் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, குனிந்து கத்தியை மேசையில் வைத்தார்.

அவனுக்குச் சுருக்கென்றது. பெண் தராவிட்டால் போகட்டும், அதுக்கு இப்படியா அவமானப்படுத்துவது?

“கையில தரக்கூட மனமில்லையா ஐயா? நான் என்ன காடையனா?”

“கையில தந்தா சண்டை வந்திடும்,” என்றார் நல்லரத்தினம். “அதுக்கு என்ன அவசரம் மருமகன்? முதல்ல கலியாணம் முடியட்டும்.”