முதுகில் ஏற்றிய கணக்கு

வேலைநிறுத்தம் தொடங்கும் நாளில்தான் எங்கள் சுமைதூக்கும் தொழிலாளர் சங்கத்தின் இரும்புப் பெட்டியைத் திறக்கலாம் என்பது விதி. நாற்பது பேரும் வாரம் ஒரு ரூபாய் நாணயத்தை அதில் போடுகிறோம். பூட்டிய பெட்டியில் எதை எண்ணுவது? ஆகவே ஆண்டுக்கொரு முறை எங்களில் ஒருவன் அதை முதுகில் ஏற்றிச் சந்தை வாசல்வரை போய்த் திரும்பி எடை சொல்வான். போன ஆண்டு நாற்பத்திரண்டு கிலோ. இந்த ஆண்டு ஐம்பது இருக்க வேண்டும். ஆனால் பெட்டியை வீட்டில் வைத்திருக்கும் பொருளாளர் சவரியப்பன் இந்த ஆண்டு மகளுக்குத் தடபுடலாகக் கல்யாணம் செய்துவிட்டார். அது சங்கத்துக் காசு என்று பேச்சைக் கிளப்பி, கல்யாணத்துக்கும் போகாமலிருந்த உக்கிரபாண்டிதான் இன்று, “நான் தூக்குறேன்” என்று முன்னால் வந்தான். சந்தை வாசலில் நின்று தோளை ஒருமுறை குலுக்கினான். திரும்பி வந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“அம்பது. குந்துமணி குறையல.”

“கல்லப் போட்டு வச்சிருந்தா?” என்றான் ஒருவன்.

“கல்லுன்னா ஒரு பக்கமா இழுக்கும்டா. இது காசு.”

எல்லோருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. யாரோ டீ சொன்னார்கள். பெட்டியை இறக்க நாலு பேர் கைகொடுத்தார்கள். உக்கிரபாண்டி இறக்கவிடவில்லை.

“அண்ணே, முன்னால நடங்க. வீட்டுல நானே கொண்டாந்து வைக்கிறேன். கல்யாணத்துக்குத்தான் வரல.”

சவரியப்பன் வெறுங்கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தார்.