டபுள் டூட்டி

"டூட்டி டபுளாயிருச்சுங்க!"

முதலாளி தன் அறையில் நின்று போனில்தான் கத்தினார். கண்ணாடிக் கதவு திறந்து கிடந்தது.

டீ நேரம். தையல் மெஷின்கள் வரிசையாகப் பூட்டிய பவர் டேபிளில் ஒன்றும் ஓடவில்லை. அந்தச் சொல் தையல் வரிசையின் கடைசி ஸ்டூல்வரை போய்ச் சேர்ந்தது.

கதவருகில் நின்ற அவன் சட்டென்று வரிசையைத் திரும்பிப் பார்த்தான். அவன் அந்த வரிசைக்குச் சூப்பர்வைசர்.

முதலாளி சொன்னது வரியை. இங்கே தைக்கிற கைக்குழந்தைச் சட்டைகளுக்கு, கப்பலில் போய் இறங்குகிற நாட்டில் இறக்குமதி வரியை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். எண்ணெயை யாரிடம் வாங்குவது என்று இரண்டு அரசாங்கங்களுக்குள் முறைப்பு. பெரியவர்கள் முறைத்துக்கொண்டிருக்க, அடி மட்டும் யானைக்குட்டிப் படம் போட்ட சட்டையின்மேல் விழுந்திருக்கிறது. அது எண்ணெயைக் கண்டதா, தண்ணீரைக் கண்டதா?

ஆனால் தைக்கிறவர்களுக்கு டூட்டி என்றால் வேலை. டூட்டிக்குப் போவது, டூட்டி முடிந்து வருவது. டபுள் டூட்டி என்றால் இரண்டு ஷிப்ட், இரண்டு கூலி. வேறு டூட்டி எதையும் அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

டீ டம்ளரோடு பாவாத்தாள் எழுந்து நின்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கேட்டீங்களா புள்ளைங்களா? இனி டபுள் டூட்டியாமா!"

யாரோ கை தட்டினார்கள். யாரோ விசிலடிக்கப் பார்த்து, வராமல் சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவில்லை.

நேற்றே முதலாளி அவனை மட்டும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இந்த லாட்டோடு சரி. அப்புறம் ஆர்டர் கிடையாது, கம்பெனிக்குப் பூட்டு.

"லாட்டு முடியற வரைக்கும் மூச்சு உடாத. உட்டீன்னா பாதிப்பேர் எந்திரிச்சுப் போயிருவாங்க. இருக்கறதும் கப்பலேறாது. உனக்கு எம் மச்சான் கம்பெனில எடம் சொல்லியிருக்கறேன்."

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அதனால் அவரைத் திட்டவும் முடியவில்லை. கடைசி வாக்கியத்தைக் கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோன தன் மனசை மட்டும் அவன் இரவெல்லாம் திட்டினான்.

பாவாத்தாளுக்கும் ஓர் இடம் காத்திருந்தது. இரண்டு தெரு தள்ளி, உள்ளூர்க் கடைகளுக்குப் பனியன் தைக்கிற சின்ன கம்பெனி. கூலி குறைச்சல். ஆனால் எந்த நாட்டுக்காரன் முறைத்தாலும் அது ஓடும். வருகிறேன், இல்லை என்று இன்று மதியத்துக்குள் அவள் சொல்லியாக வேண்டும்.

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த அவள் புருஷன் படுத்த படுக்கை. அந்த வீட்டில் அடுப்பெரிவது இவள் ஒருத்தி தையலில்.

காலையில் சூப்பர்வைசரான அவனிடம்தான் யோசனை கேட்டாள். நீங்க சொன்னாச் சரி தம்பி என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டான்.

இப்போது அவள் யோசனை எதற்கும் காத்திருக்கவில்லை. போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

அவன் அவளை நோக்கி நடந்தான். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து முதலாளி பார்த்தார். மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. மிரட்டலாக இருந்தால் மீறியிருப்பான். அது கெஞ்சல்.

அவன் கால் நின்றுவிட்டது.

மணி அடித்தது. மெஷின்கள் கிளம்பின. இன்றைக்கு என்ன வேகம்! காலையில் கழுத்து நோகிறது, கண் எரிகிறது என்று முனகியவர்கள்கூடத் துணியைப் பறக்கவிட்டார்கள். வேலை கூடியிருக்கிறது என்ற நினைப்பிலேயே அவர்களுக்கு அலுப்பு தீர்ந்துவிட்டது.

"அக்கா!" என்றான். இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனுக்குள் கத்திக்கொண்டிருந்தாள்.

"நான் வல்லீங்க. இங்க டபுள் டூட்டி குடுத்துட்டாங்க. அந்த எடத்த வேற ஆருக்காச்சும் குடுத்துருங்க."

போனை மடியில் வைத்தாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு குட்டிச் சட்டையை ஊசிக்கடியில் தள்ளினாள்.

பாவி, பாவி என்று அவன் தன்னையே ஏசிக்கொண்டான்.

இன்னும் அந்த இடம் போயிருக்காது. இந்த நிமிஷம் திரும்பக் கூப்பிட்டால் கிடைக்கும். நாளைக்குக் கிடைக்காது. நாளைக்கு இந்த ஊரில் எத்தனை கம்பெனி வாசலில் எத்தனை பேர் நிற்பார்களோ.

அவளை மட்டும் ஓரமாக இழுத்துப்போய்க் காதில் சொல்லலாம்.

அவளுக்கு அடுத்த மெஷினில் செல்லக்கிளி குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். இவளிடம் யார் சொல்வது? இவளுக்கு அடுத்தவளிடம்?

மெயின் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவது தெரிந்தது.

அவன் சுவிட்சை இழுத்துவிட்டான்.

மெஷின்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. மின்விசிறிகள் மட்டும் இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு ஓய்ந்தன. வரிசை மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது. கை மட்டும் தைத்த சட்டை பாவாத்தாளின் ஊசியில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

இப்போது குண்டூசி விழுந்தாலும் கேட்கும். அவன் வாயைத் திறந்தான்.

"கரண்டு போச்சுங்களா?" பாவாத்தாளின் சிரிப்பு இன்னும் மாறவில்லை. "போனாப் போகுது உடுங்க தம்பி. அதான் டபுள் டூட்டி இருக்குதுங்களே. இருந்து தச்சுக் குடுத்தர்றோம்."