பொயிலர்காரன் வரவில்லை

"சம்பந்தி, இவரும் வீட்டில பியர் போட்டவர். குடிச்சுப் பாருங்கோ."

மனைவி தவநாயகி இப்படிக் குண்டைத் தூக்கிப் போடுவாள் என்று பத்மநாதன் கனவிலும் நினைக்கவில்லை.

அதற்குள் மேசைக்குக் குவளைகள் வந்துவிட்டன. பிரிட்ஜிலிருந்து ஒரு போத்தலும்.

மகள் விதுஷா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். எதிரே இருந்த வெள்ளைக்காரச் சம்பந்தி லெஸ்லியின் புருவங்கள் உயர்ந்தன.

பத்மநாதன் டீவிக்குப் பக்கத்தில் நின்ற முருகனைப் பார்த்தார். சாமி இருந்த அலுமாரிக்குள் வெந்நீர்ப் பொயிலர் ஒழுகுதாம், திருத்த ஆள் வரும்வரை சாமி இங்கேதானாம். மூன்று கிழமையாகத் தவநாயகியின் உத்தரவு.

முருகா, மானத்தைக் காப்பாற்று!

லெஸ்லி வீட்டுப் பியரில் மன்னன். ஏழு மாதத்துக்கு முன், பதிவுத் திருமணத்தன்று, தன் கையால் செய்த இரண்டு போத்தல்களை ஆசையோடு நீட்டினார். மகள் தன்னைக் கேளாமல் முடித்த கோபம் பத்மநாதனுக்கு. அவற்றை மேசையிலேயே விட்டுவிட்டு விறுவிறென்று வெளியேறினார்.

அன்றைக்கு நின்றது விதுஷாவின் வரவு. இன்றுதான் லண்டன் செவன் கிங்ஸ் வீட்டுப் படியை மிதித்திருக்கிறாள். அவள் கணவன், லெஸ்லியின் மகன், வெளியே காருக்கு இடம் தேடிக்கொண்டிருந்தான்.

மன்னிப்புக் கேட்க வாய் வராத மனிதர் பத்மநாதன். அதனால்தான் தானும் பியர் போட்டார். போத்தலுக்கு ஒரு தேக்கரண்டி சீனி, இறுக்கி மூடி. சூட்டில் இரண்டு கிழமை இருந்தால் ஈஸ்ட் சீனியைத் தின்று காஸ் கட்டும். மண்டி அடியில் படிந்து மேலே தெளியும்.

சூட்டுக்கு எங்கே போவது? தை மாதக் குளிரில் பின்வளவு ஷெட் ஐஸ்பெட்டி. வீட்டில் எந்நேரமும் சூடாக இருப்பது பொயிலர் அலுமாரி ஒன்றுதான். அப்போது அதற்குள் முருகன் குடியிருந்தார்.

"சாமிக்குப் பக்கத்திலயோ? வாயைக் கழுவுங்கோ!"

தவநாயகியின் அந்தச் சொல்லோடு கதை முடிந்தது. ஷெட்டிலேயே வைத்த போத்தல்களில் ஒன்றைப் பிறகு திறந்து பார்த்தார். மூச்சுக் காட்டவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கிக் கிடந்தது. மிச்சத்தை எட்டியும் பார்க்கவில்லை.

அந்தச் செத்த பியரைத்தான் இவள் இப்போது சபைக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

"அப்பா, திறவுங்கோவன்."

ஏழு மாதத்துக்குப் பிறகு, அப்பா.

ஓப்பனரை மூடியில் கொளுவினார். கண்ணை இறுக்கிக்கொண்டு நெம்பினார்.

ஸ்ஸ்ஸ்ஸ்!

நுரை கழுத்துவரை ஏறி நின்றது. குவளையில் ஊற்றினால், பால் விடாத சாயத் தேத்தண்ணியின் தெளிவு.

லெஸ்லி அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு மிடறு. இன்னொரு மிடறு. குவளையை வைக்காமலே மற்றக் கையை மேசைக்கு மேலால் நீட்டினார்.

இந்த முறை பத்மநாதன் அதைப் பற்றிக்கொண்டு விடவில்லை.

விதுஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு தனக்கும் ஒரு குவளை எடுத்தாள்.

பத்மநாதனுக்கு மட்டும் மண்டை குடைந்தது. செத்தது எப்படி உயிர்த்தது?

போத்தலைத் திருப்பினார். அதன் தோளில் வெள்ளையாக மூன்று விரல் தடம்.

தொட்டு முகர்ந்தார். திருநீறு.

மெல்ல நிமிர்ந்து, டீவிக்குப் பக்கத்தில் நின்ற முருகனைப் பார்த்தார். பிறகு மனைவியை.

"இஞ்சேர், பொயிலர்காரன் எப்ப வாறானாம்?"

தவநாயகி வடைத் தட்டை லெஸ்லியின் பக்கம் தள்ளினாள்.

"அவன் இனி வரத் தேவையில்லை. போத்தல் நின்ற அலுமாரியை நேற்றே கழுவிப்போட்டன்."