அண்ணை இருந்தவரோ

நோர்வேயில், அம்மருட் தொடர்மாடிக் குடியிருப்பின் எட்டாம் மாடியில் பிற்பகல் வெயில் சமையலறை மேசைவரை சரிந்து கிடக்கிறது. இராசமணி வேலைச் சட்டையை அயன் பண்ணுகிறாள். பக்கத்து அறையில் மகள் மயூரா கூடப் படிப்பவளோடு தொலைபேசியில் நோர்வேஜிய மொழியில் கடகடவென்று கதைக்கிறாள். அந்த வேகத்தில் இராசமணிக்குப் பிடிபடுவது ஒரே சொல்தான்: அண்ணை. மறுபடியும் அண்ணை. பிறகு ‘ஃபின்ஸ் இக்கெ’. அது அவளுக்கு விளங்கும். இல்லை என்று அர்த்தம். போர் முடிந்த மே மாதத்துக்குப் பின் வன்னியிலிருந்த அவளுடைய அண்ணையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மகளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, மறைக்கிறாள். நீராவி சீறுகிறது. அயனை நிமிர்த்தி வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறாள்.

“அண்ணை இல்லையெண்டு ஆரடி சொன்னது?”

மயூரா தொலைபேசியை மார்போடு பொத்துகிறாள். “ஐயோ அம்மா, மாமாவை இல்லை. இது அன்னெய். யப்பான்ரை மூண்டாவது சக்கரவர்த்தி. சோதினைக்குப் படிக்கிறம்.”

“பிறகேன் இல்லையெண்டனீ?”

“பழைய ஏட்டிலை அவரின்ரை மனுசி, பிள்ளையளின்ரை பேரெல்லாம் இருக்கு. சமாதியும் காட்டுறாங்கள். செய்தது எண்டு ஒண்டும் எழுதேல்லை. அதாலை ஆள் இருந்தவரோ எண்டு சந்தேகம்.”

“உன்ரை கொப்பர் செய்ததையும்தான் ஒருத்தரும் எழுதேல்லை. அந்தாள் இல்லையோ?”

மயூராவுக்குச் சிரிப்பு வருகிறது. இராசமணிக்கு வரவில்லை.

“மனுசியின்ரை பேரைச் சொல்லு பாப்பம்.”

“நுன... நுனசோகோ நகத்சு ஹிமே.”

இராசமணி மகளின் வாயையே பார்க்கிறாள். நின்ற நிலையில் இவ்வளவு நீளப் பெயரைப் பொய்யாகக் கட்டிச் சொல்ல இவளால் முடியாது. எப்படியும் அது அண்ணையின் மனைவி, மச்சாளின் பெயர் இல்லை.

“சரி, கதை,” என்கிறாள். “கதவைச் சாத்தாமல் கதை.”