கழிக்க வேண்டிய புகை

செயற்கைக்கோள் எடுக்கும் கடல் படத்தில் கடலைவிடக் காற்றுதான் அதிகம். மூட்டம், தூசி, புகை எல்லாவற்றையும் கழித்தால்தான் கடலின் உண்மையான நிறம் தெரியும். அப்படிக் கழிப்பதுதான் அவள் வேலை.

போன வருஷம் ஒரு மீன்பிடிப் படகு எரிந்து மூழ்கிய இடத்தில் கொஞ்ச நாளாகவே படங்களில் ஒரு புகைக்கீற்று தெரிந்தது. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் அது கலையவில்லை. கடல்நீரை அள்ளிச் சோதிக்கும் கப்பலில் அவள் கணவன் வேலை பார்த்தான். கப்பல் அந்தப் பக்கம் போனபோது, பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

"புகையா? வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு," என்றான் வீடு திரும்பியதும். "முதல்ல உன் கண்ணாடிய மாத்து."

அவளும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வேலைக்குப் போய்ப் புதிய படத்தைத் திறந்தாள். அதே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புகைகள் இருந்தன.

மேலதிகாரி எட்டிப் பார்த்தார். "வழக்கம்போலக் கழிச்சு அனுப்பிடும்மா. கடல் தெரிஞ்சாப் போதும்."

இரண்டாவது புகையைக் கழிக்க அவளுக்குக் கை வரவில்லை. அங்கே போய் வந்த கணவனின் நினைவு வர, அவனுக்கு போன் செய்தாள். அவன் குரல் கேட்ட பிறகுதான் உயிர் வந்தது.

"நல்லவேளை கூப்பிட்ட," என்றான் இருமியபடி. "அடுப்புல என்னத்த வச்சிட்டுப் போன? ஜன்னலெல்லாம் திறந்துட்டேன், புகை கலையவே மாட்டேங்குது."

அன்று காலை அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை.

"முதல்ல வீட்டை விட்டு வெளிய வாங்க."

"தெருவுலதான் நிக்கிறேன்," என்றான். "இங்கயும் அப்படித்தான் இருக்கு."